கழுத்துத் தொய்ந்த தாராக்கள்: படுவான்கரை வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை ஊரொன்றில், வயலை ஒட்டிய வீட்டில் ஆவணி மாதம் 6 நாளுக்குள் 18 தாராக்கள் (வாத்துகள்) செத்தன. பிறகு இன்னும் 5 செத்தன. இருந்தது 52. வீட்டுக்காரர் யாரோ நஞ்சு வைத்துவிட்டதாக நினைத்தார். அயலவர்கள் பறவைக் காய்ச்சல் என்று பயந்து தங்கள் கோழிகளைப் பூட்டி வைத்தார்கள். தீனிக் கடையில் ஒரு அன்டிபயோடிக் தூள் கொடுத்தார்கள். நஞ்சுமில்லை, காய்ச்சலுமில்லை, தூளால் பயனுமில்லை. வந்தது பொட்டுலிசம், அழுகுகிற உடம்பில் ஒரு பக்டீரியா விடுகிற நச்சைத் தின்று தசைகள் செயலிழந்துபோகிற நோய்.

நீர்ப்பறவை வளர்க்கிற எவரும் இந்தப் பெயரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மற்ற பல நோய்கள் ஒரு பறவையிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும். இது பெரும்பாலும் செத்ததிலிருந்து உயிரோடு இருப்பதற்கு வருகிறது. செத்ததை அன்றைக்கே எடுத்திருந்தால் இந்த வீட்டுக் கணக்கு 6 தாராவோடு நின்றிருக்கும் என்பது என் முடிவு. அதற்கான காரணங்களை எழுதுகிறேன். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊரையும் ஆட்களையும் பெயர் சொல்லவில்லை.

கூட்டமும் மடுவும்

52 பெரிய தாராக்களில் 38, காக்கி கெம்பலும் நாட்டுத் தாராவும் கலந்தவை. அவற்றில் 7 ஆண். மிச்சம் 14 மஸ்கோவி, முகத்தில் சிவப்புச் சதை படர்ந்த பெரிய இனம். அதில் 3 ஆண். இவை தவிர வலையடித்த கூட்டுக்குள் 23 குஞ்சுகளும், முற்றத்தில் சில கோழிகளும் இருந்தன.

இந்தக் குடும்பத்துக்கு முட்டையை விடக் குஞ்சு விற்றுத்தான் காசு வருகிறது. காக்கி கெம்பல் நன்றாக முட்டையிடும், ஆனால் அடை கிடக்காது. அதனால் அதன் முட்டையை மஸ்கோவிக்கோ கோழிக்கோ அடை வைக்கிறார்கள். 28 நாளில் பொரிக்கும். மஸ்கோவியின் சொந்த முட்டைக்கு 35 நாள் வேண்டும். இரண்டையும் ஒரே அடையில் கலந்துவிட்டால் முதலில் பொரித்த குஞ்சுகளோடு தாய் எழும்பிப் போய்விடும், மற்ற முட்டைகள் குளிர்ந்துவிடும். அந்த வீட்டு அம்மம்மா முட்டைகளில் கரித்துண்டால் குறி போட்டுப் பிரித்து வைத்திருந்தார். கணக்குப் புத்தகம் இல்லாமலே எந்த முட்டை எந்தக் கிழமை வைத்தது என்று அவருக்குத் தெரியும். இந்த ஆய்வில் வருகிற நாள்கணக்கு பெரும்பகுதியும் அவர் வாயால் வந்தது, மகளிடம் கேட்டுச் சரிபார்த்தது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு மடு. வயல் வாய்க்காலின் கழிவுத் தண்ணீர் வந்து தேங்குகிற இடம். மாரியில் இடுப்பளவு நிற்கும், வாய்க்கால் ஓடுகிற வரை சிறுபோகத்திலும் தண்ணீர் புதிதாக வந்துகொண்டிருக்கும். நெல் வெட்டு நெருங்கும்போது வயலை உலர விடுவதற்காகத் தண்ணீரை மறிப்பார்கள். அதோடு மடுவுக்கும் வரத்து நின்றுவிடும். மேலே கச்சான் காற்று, தென்மேற்கிலிருந்து வீசுகிற வறண்ட சூட்டுக் காற்று. பகலில் 33, 34 பாகை வெயில். நான் போனபோது மடுவில் கணுக்காலளவு தண்ணீர்தான் இருந்தது, அதுவும் கையை வைத்தால் சுட்டது. ஒரு கரையில் ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) அழுகிக் கிடந்தது. சேற்றில் விரல் நீளத் திலாப்பியாக்கள் வெள்ளை வயிறு தெரிய ஒதுங்கியிருந்தன. முதல் தாரா விழுவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே மீன்கள் சாகத் தொடங்கிவிட்டன என்று மகள் சொன்னார். தண்ணீர் சூடேறி வற்றும்போது ஒட்சிசன் குறைந்து மீன் சாவது இந்தப் பக்கத்தில் வருடா வருடம் நடப்பதுதான், அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஆறு நாட்கள்

முதல் நாள் மாலை, அடைய வந்த கூட்டத்தில் 2 தாராக்கள் பின்தங்கின. கால் இழுபட்டது. இரண்டாம் நாள் விடியற்காலை 5 தாராக்கள் மடுவில் மிதந்தன. முந்தின நாள் பின்தங்கியதில் ஒன்றும் அதில் அடக்கம். மற்றது கூட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தது. மொத்தம் 6.

அந்த ஆறையும் மடுவின் மறுகரையில், பன்னும் கோரையும் அடர்ந்த இடத்தில் வீசினார்கள். நாய் இழுத்து வராத தூரம் என்பதுதான் அதற்குக் காரணம். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

மூன்றாம் நாளும் நான்காம் நாளும் ஒன்றும் சாகவில்லை. தூள் வேலை செய்கிறது என்று நம்பினார்கள்.

ஐந்தாம் நாள் 4, ஆறாம் நாள் 8. அதோடு நடக்க முடியாமல் 12.

எனக்கு அழைப்பு வந்தது அந்த ஆறாம் நாள். இந்த வரிசையைக் கேட்டபோதே நஞ்சு என்ற எண்ணம் எனக்குத் தளர்ந்துவிட்டது. வயலுக்கு அடித்த மருந்தோ வேண்டுமென்று வைத்த நஞ்சோ என்றால் சாவு ஒரே தடவையில் குவியும், சில மணி நேரத்தில் முடிந்துவிடும். 3 நாள் இடைவெளி விட்டு முதலை விடப் பெரிதாக இரண்டாம் அலை வராது. அந்த இடைவெளி என்ன என்பதுதான் இந்த நிகழ்வின் மையம். வெயிலில் கிடக்கிற பிணத்தில் ஈ முட்டையிட்டு, அது ஒரு நாளுக்குள் பொரித்து, புழு பருத்துச் சதையை விட்டுத் தரைக்கு இறங்க எடுக்கிற காலம் அது.

“ஆரோ பகையில வெச்சிட்டாங்க மனே, எனக்குத் தெரியும்,” என்று அம்மம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். பக்கத்துக் காணிக்காரரோடு எல்லைத் தகராறு ஒன்று பழையதாக இருந்தது. பேச்சு முற்றிப் பொலிஸ் வரை போகிற நிலையில் இருந்தார்கள். நோயைச் சரியாக அறிவது பறவைக்கு மட்டும் செய்கிற உதவியல்ல என்பதை இங்கே கண்ணால் கண்டேன்.

கண்டவை

ஒரு பெட்டைத் தாராவை விவரமாகச் சொல்கிறேன், மற்றவை எல்லாம் அதன் வெவ்வேறு படிகள்தான். வைக்கோல் மேல் வயிறு பட இருந்தது. கால்கள் இரண்டும் பின்னால் நீண்டு கிடந்தன. கிட்டப் போனதும் எழும்பப் பார்த்தது, முடியவில்லை. இரண்டு செட்டையையும் தரையில் ஊன்றித் துடுப்புப் போலத் தள்ளி ஒரு முழம் நகர்ந்தது. கண்ணின் மூன்றாம் இமை பாதிக் கண்ணை மறைத்து நின்றது, விரலால் தொட்டபோதும் மெதுவாகத்தான் அசைந்தது. கழுத்தை ஒரு கணம் உயர்த்தியது, பிறகு அலகு தரையில் பட்டது. கழுத்து முறுகவில்லை, நடுங்கவில்லை, பிடியில்லாமல் தொய்ந்திருந்தது. மூக்கிலும் வாயிலும் நீரில்லை. கழிவில் கொஞ்சம் பச்சை, இரத்தம் இல்லை. தண்ணீர்ச் சட்டியைக் கிட்டக் கொண்டுபோனதும் குடிக்க முயன்றது. அதற்குப் புத்தி தெளிவாக இருந்தது, உடம்புதான் கேட்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு இருப்பது கஷ்டம்.

தண்ணீரில் இருக்கும்போது கழுத்து தொய்ந்தால் தலை மூழ்கும். நீர்ப்பறவைகள் இந்த நோயில் நச்சால் மூச்சு நின்று சாவதை விட மூழ்கிச் சாவது அதிகம். இரண்டாம் நாள் மிதந்த 5 தாராக்களும் அப்படித்தான் போயிருக்க வேண்டும்.

அப்புறம், பாதிக்கப்படாதவை எவை என்று பார்த்தோம். கூட்டுக்குள் கிணற்றுத் தண்ணீர் குடித்த 23 குஞ்சுகளும் சுகமாக ஓடித் திரிந்தன. அவை தின்றது பெரியவை தின்ற அதே சாக்குத் தீனிதான். முற்றத்துக் கோழிகளில் ஒன்றே ஒன்று படுத்தது, மடுக்கரையில் கிளறுகிற பழக்கம் உள்ள பெட்டை. அதன் கழுத்து இறகைத் தொட்டாலே கையோடு கழன்று வந்தது, கோழியில் இது இந்த நோய்க்குரிய அறிகுறி. மஸ்கோவி 14இல் படுத்தது ஒன்று. அவை தண்ணீரில் குறைவாகவும் முற்றத்திலும் புல்லிலும் கூடுதலாகவும் மேய்கிறவை. தீனியில் குற்றமில்லை, காற்றில் வந்ததுமில்லை, மடுக்கரைதான் இடம் என்பது இதிலேயே தெளிவாகிவிட்டது.

பிரதேச மிருக வைத்தியர் அன்று பின்னேரமே வந்தார். பறவைகள் கூட்டமாகச் செத்தால் அறிவிக்காமல் இருக்கக் கூடாது, 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் இருப்பதே இதற்குத்தான். கையுறையும் முகக்கவசமும் போட்டு, பறவைக் காய்ச்சலுக்கான மாதிரி எடுத்தார். அது இல்லையென்று பின்னர் முடிவு வந்தது. புதிதாகச் செத்த 2 தாராக்களைத் திறந்து பார்த்தார். ஈரலில் வெள்ளைப் புள்ளிகள் இல்லை, ஆகவே தாராக் கொலரா அல்ல. குடலில் இரத்தக் கசிவு வளையங்கள் இல்லை, ஆகவே தாரா பிளேக் அல்ல. உள்ளுறுப்புகள் எல்லாம் சுகமான பறவையினது போல இருந்தன. இரையைக் கல்லோடு சேர்த்து அரைக்கிற அரைப்பையைத் திறந்தபோதுதான் விடை கிடைத்தது. ஒன்றில் கற்களுக்கும் நெல் உமிக்கும் நடுவில் அரைபடாத புழுக்கள், ஈயின் புழுக்கள், ஒரு கரண்டி அளவு. மற்றதிலும் இருந்தன.

மறுகரைக்குப் போய்க் கோரையை விலக்கிப் பார்த்தோம். வீசிய ஆறு தாராக்களும் தோலும் எலும்புமாகக் கிடந்தன, சுற்றிலும் புழு நெளிந்தது. ஈரச் சேற்றில் தாராக்களின் கால் தடம் நிறைய இருந்தது. தாராவுக்குப் புழு நல்ல இரை. காணுகிற இடத்தில் விடாது.

நச்சின் வழி

இதைச் செய்கிற பக்டீரியா கிளொஸ்ட்ரிடியம் பொட்டுலினம். அதில் பல வகை உண்டு. பறவைகளைத் தாக்குவது பெரும்பாலும் சி வகை. அதன் வித்திகள், அதாவது உறங்கு நிலையில் இருக்கிற தடித்த ஓட்டு வடிவம், சேற்றில் பல வருடம் உயிரோடு கிடக்கும், காய்ந்தாலும் சூடேறினாலும் சாகா. நலமான பறவையின் குடலிலும் சும்மா இருக்கும், ஒன்றும் செய்யாது. முளைத்துப் பெருக அதற்கு மூன்று வேண்டும்: ஒட்சிசன் இல்லாத இடம், சூடு, புரதம். செத்த மீனுக்குள்ளும் செத்த பறவைக்குள்ளும் மூன்றும் ஒருங்கே கிடைக்கின்றன. 25 முதல் 40 பாகை வரையான சூட்டில் நன்றாகப் பெருகும், அது நமது கோடைகாலத்துச் சேற்றின் சூடு. பக்டீரியா பெருகும்போது நச்சை விடுகிறது. அந்த நச்சு நரம்பு முனையில் போய் உட்கார்ந்து, தசைக்குச் செய்தி கடத்துகிற அசற்றைல்கோலின் வெளிவராமல் அடைத்துவிடும். முதலில் கால், பிறகு செட்டை, பிறகு இமை, பிறகு கழுத்து, கடைசியில் மூச்சு.

புழுவுக்கு அந்த நச்சால் ஒன்றும் ஆவதில்லை. பிணத்தைத் தின்று நச்சைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஒரு தாராப் பிணத்திலிருந்து ஆயிரக்கணக்கில் புழு இறங்கும், ஒரு தாரா விழ ஒரு சில புழு போதும். விழுந்த தாராவின் குடலிலேயே வித்தியும் இருக்கிறது, அதுவே அடுத்த பிணம், அடுத்த புழுக்கூட்டம். இந்தச் சக்கரம் யாரும் வந்து நிறுத்தும் வரை சுழலும். 1910இல் அமெரிக்காவின் யூட்டாவில் பெரிய உப்பு ஏரிப் பக்கம் காட்டுத் தாராக்கள் குவியல் குவியலாகச் செத்தபோது உவர்த் தண்ணீர்தான் நஞ்சாகியது என்று நினைத்தார்கள். உண்மைக் காரணம் தெரிய 1930 வாக்கில் ஆனது. 2019 நவம்பரில் இந்தியாவின் ராஜஸ்தானில் சாம்பர் ஏரியில் 18,000க்கு மேல் பறவைகள் செத்தன, அதையும் பரேலியில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் பொட்டுலிசம் என்று உறுதிப்படுத்தியது. அங்கும் பிணங்களைத் தேடி எடுத்துப் புதைப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது.

நமது நிகழ்வில் முதல் அலை மீனிலிருந்தும் இரண்டாவது அலை தாராவிலிருந்தும் வந்தன. முழு உறுதிக்கு நோயுற்ற பறவையின் இரத்தநீரை எடுத்துச் சுண்டெலிக்கு ஏற்றி, அதில் நச்சு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இங்கே அது செய்யப்படவில்லை. குறிகள், அரைப்பைப் புழு, சுத்தமான உள்ளுறுப்பு, சாவின் இரு அலை, பிறகு பறவைகள் தேறிய விதம் ஆகியவற்றை வைத்து வைத்தியர் எடுத்த முடிவு இது.

செய்தவை

மருந்துக்கு முன் முதல் வேலை பிணம் எடுப்பது. இருட்டுவதற்குள் பறவைப் பிணம், மீன், புழுவோடு சேர்த்து மேல் மண் எல்லாவற்றையும் மண்வெட்டியால் வாரிச் சாக்கில் கட்டினோம். வீட்டு மேட்டுப் பக்கம், கிணற்றிலிருந்து தள்ளி, ஆளின் இடுப்புக்கு மேல் ஆழமாகக் கிடங்கு வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினோம். படுவான்கரையின் களிமண்ணில் இது சரி. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் மணல், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். அங்கே எரிப்பதுதான் நல்லது.

சுகமான தாராக்களை எல்லாம் மடுவுக்குப் போக விடாமல் மா நிழலில் வலை கட்டி அடைத்தார்கள். கிணற்றுத் தண்ணீர், காலை மாலை தீனி. மேய்ந்து பழகிய கூட்டம் இரண்டு நாள் ஓயாமல் கத்தியது. வீட்டுக்காரர் மனமிளகித் திறந்துவிடப் போனபோது மகள் கதவடியில் நின்று மறித்தார்.

படுத்த 12க்கும் வைக்கோலால் வளையம் செய்து, அதன் விளிம்பில் கழுத்தும் தலையும் சாயும்படி வைத்தோம். தலை தாழ்ந்தால் வாய்க்குள் போவது மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். வைத்தியர் மெல்லிய இறப்பர்க் குழாயை நாக்கின் பின்னால், மூச்சுத் துவாரத்தைத் தவிர்த்து, தொண்டை வழியாக இறக்கிக் காட்டினார். ஒரு தடவைக்கு 30 முதல் 50 மில்லிலீற்றர் சுத்தத் தண்ணீர், ஒரு நாளைக்கு 4 தடவை. இதை நேரில் ஒருவர் காட்டாமல் யாரும் முயல வேண்டாம். குழாய் இடம் மாறினால் பறவை கையிலேயே போகும். இமை மூட முடியாத கண் காய்ந்துபோகாமல் உப்புநீர்த் துளி விட்டார்கள். மகளும் பள்ளிக்கூடம் போகிற பேரனும் முறை வைத்து இரவிலும் செய்தார்கள். சி வகைக்கான நச்சுமுறி மருந்து உலகில் உண்டு, ஊர்த் தாராக் கூட்டுக்குக் கைக்கெட்டுகிற ஒன்றல்ல. அன்டிபயோடிக் தூளை நிறுத்தச் சொன்னார் வைத்தியர். வெளியில் உருவான நச்சைத் தின்றுதான் பறவை விழுகிறது, அந்த நச்சை அன்டிபயோடிக் ஒன்றும் செய்வதில்லை.

12இல் 8 தேறின. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் கழுத்து நிமிர்ந்தது, பிறகு இமை திறந்தது, கால் கடைசியாக வந்தது, விழுந்த வரிசைக்கு நேர் எதிராக. செத்த நான்கும் முதல் நாளே கழுத்து முழுதாகத் தொய்ந்தவை. அடைத்த பிறகும் 3 தாராக்கள் படுத்தன, முன்பு தின்ற புழுவின் வேலை. அதில் ஒன்று செத்தது. அதற்குப் பிறகு ஒன்றும் விழவில்லை. கூட்டத்தை மடுவிலிருந்து பிரித்து மூன்றாம் நாளோடு சாவு நின்றது.

செத்த தாராவை அறுத்துக் கறியாக்கலாமா என்று அயலில் இருவர் கேட்டார்கள். சி வகை மனிதரைத் தாக்குவது அரிது என்றாலும், எதனால் செத்தது என்று தெரியாத பறவையைத் தின்னக் கூடாது. நாய்க்கும் போடக் கூடாது, நாய் இந்த வகையால் விழும். மாடுகளுக்கும் இது வரும். பொசுபரசு போதாத மாடு வயலில் கிடக்கிற எலும்பைச் சப்பும், அதிலிருந்து நச்சு ஏறும். படுவான்கரையில் மாடு வைத்திருக்கிறவர்கள் பறவைப் பிணத்தைத் தாரா வளர்ப்போரின் பிரச்சினை என்று விட்டுவிடக் கூடாது.

கோரைக்குள் கிடந்த மரத்தாரா

பிணம் தேடும்போது கோரைக்குள் ஒரு கானாங்கோழி செத்துக் கிடந்தது, பக்கத்தில் ஒரு மரத்தாரா, சீழ்க்கை அடிக்கிற காட்டுத் தாரா, உயிரோடு, கால் விழுந்த நிலையில். மற்றவற்றோடு சேர்த்து அதற்கும் தண்ணீர் கொடுத்தோம். நான்காம் நாள் எழும்பிச் சீழ்க்கை அடித்தது.

“வளர்ப்பமே மனே, குஞ்சு பொரிச்சா எவ்வளவு வடிவு,” என்றார் அம்மம்மா.

அவர் ஆசை எனக்குப் புரிந்தது. ஆனால் காட்டுப் பறவையைப் பிடித்து வளர்க்க முடியாது, 1937ஆம் ஆண்டின் தாவர விலங்குகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைத் தடுக்கிறது. வனஜீவராசிகள் திணைக்கள அலுவலருக்குச் சொல்லி, அவர் சொன்னபடி, தண்ணீர் ஆழமாக இருந்த குளமொன்றின் கரையில் விட்டோம்.

பூநாரை வளர்க்கலாமா என்று பேரன் என்னிடம் கேட்டான். மன்னாரிலும் புந்தலவிலும் வந்து நிற்பதைப் படத்தில் பார்த்திருக்கிறான். சட்டத்தை விட்டுப் பார்த்தாலும் அது வீட்டு வேலையல்ல. மிருகக்காட்சிசாலைகளில் கூடப் பூநாரை சிறு கூட்டமாக இருந்தால் முட்டையிடாமலே வருடங்களைக் கழிக்கும். கூட்டம் பெரிதென்று அதற்குத் தோன்ற வேண்டும் என்பதற்காகச் சில இடங்களில் நிலைக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சேற்றைக் குவித்து மேடு கட்டி ஒரே ஒரு முட்டை, ஏறக்குறைய 4 கிழமை அடை, பிறகு தாயும் தகப்பனும் தொண்டைப் பையில் சுரக்கிற பாலைக் குஞ்சுக்கு ஊட்டும். தீனியில் கரோட்டினொயிட் என்ற நிறப்பொருள் இல்லாவிட்டால் இறகு வெளிறிவிடும். இவ்வளவுக்கும் மேல் அதற்குத் தேவை ஆழமில்லாத, இளஞ்சூடான, சேறுள்ள தண்ணீர். வித்தி முளைக்கவும் அதே தண்ணீர்தான் தேவை. அதனால்தான் நன்றாக நடத்துகிற இடங்களில் தடாகத் தண்ணீரை ஓட்டத்தில் வைக்கிறார்கள், விழுந்த பறவையைக் காவலர் அன்றைக்கே எடுக்கிறார். நம் மடுவில் தாராவுக்கும் தேவை அந்த இரண்டும்தான்.

மடுவுக்கு என்ன செய்வது

சேற்றில் இருக்கிற வித்தியை ஒழிக்க முடியாது. சுண்ணாம்பு கொட்டினாலும் வெயிலில் காயவிட்டாலும் அது கிடக்கும். மாற்றக்கூடியது தண்ணீரின் நிலைமை. பாதி வற்றிய மடுதான் ஆபத்து. நிறைந்த மடுவும் முழுதாகக் காய்ந்த மடுவும் அந்தளவு இல்லை. பம்ப் வைத்துக் கிணற்றுத் தண்ணீர் விட்டு நிரப்பினால் கச்சானில் இரண்டு நாளில் மறுபடி இறங்கிவிடும், அப்படி ஏறி இறங்குவது இன்னும் கெடுதல், கரையோரப் பூச்சி புழுக்கள் அதில் செத்து அழுகும். ஆகவே நான் சொன்னது: வாய்க்கால் நிற்கிற நாளிலேயே மீனைப் பிடித்துவிடு, மிச்சத் தண்ணீரை இறைத்துவிடு, ஆற்றுவாழையை இழுத்துக் கரைக்கு வெளியே காயப் போடு, மாரி தொடங்கும் வரை தாராவை வலைக்குள் வை. குளிக்கச் சீமெந்துத் தொட்டி போதும், தண்ணீரை நாளுக்கு நாள் மாற்ற வேண்டும். தாராவுக்கு நீந்த இடமில்லாவிட்டாலும் தலையையும் கண்ணையும் அமிழ்த்திக் கழுவ ஆழம் வேண்டும்.

வீட்டுக்காரருக்கு வலைச் செலவு பாரமாகத்தான் இருந்தது. பழைய மீன்வலை வாங்கி வந்து கம்பு நட்டுக் கட்டினார்.

கூட்டத்தின் பிற்பாடு

மிஞ்சியது 29. கலப்பினம் 16, மஸ்கோவி 13. சாவை விடக் குடும்பத்தை நீண்ட நாள் வருத்தியது கலப்பினத்து ஆண் 7இல் 5 போனதுதான். 5, 6 பெட்டைக்கு ஒரு ஆண் என்று இருந்தால்தான் முட்டை நன்றாகக் கருப்பிடிக்கும். இப்போது 14 பெட்டைக்கு 2 ஆண், அதிலும் ஒன்று நோயிலிருந்து தேறியது, கால் இன்னும் முழுப் பலத்துக்கு வரவில்லை. அடுத்து அடை வைத்த முட்டைகளை ஏழாம் நாள் டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது வெறும் முட்டைகள் மூன்றிலொரு பங்குக்கு மேல் இருந்தன.

மஸ்கோவி ஆண் 3 இருக்கிறதே, அதை விட்டால் என்ன என்று வீட்டுக்காரர் கேட்டார். சேர்க்கலாம், குஞ்சும் பொரிக்கும், வேகமாக வளரும். இறைச்சிக்கு அது நல்லது. ஆனால் அந்தக் கலப்பில் பிறந்தவை மலடு, அவற்றிலிருந்து அடுத்த தலைமுறை இல்லை. குஞ்சு வாங்குகிறவர்கள் முட்டைக்காக வளர்க்கத்தான் வாங்குகிறார்கள், அவர்களுக்கு அதைச் சொல்லாமல் விற்க முடியாது. அம்மம்மா உடனே வேண்டாம் என்றார். ஊரில் பெயர் கெட்டுவிடும் என்பது அவருக்குக் காசை விடப் பெரிது.

வாவியின் மறுகரையில், நோய் வராத ஒரு கூட்டத்திலிருந்து 3 இளம் ஆண் தாராக்களை வாங்கி வந்திருக்கிறார்கள். அவற்றை 3 கிழமை தனிக்கூட்டில் வைத்துக் கழிவையும் நடையையும் பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பது என்று முடிவு. அடுத்த அடையைக் கார்த்திகை வெள்ளம் வடிந்த பிறகு, மார்கழிக் கடைசியில் வைக்கிறார்கள். அப்படி வைத்தால் குஞ்சுகள் தையின் கடைசியில் பொரித்து, பங்குனியில் மடு இன்னும் நிறைந்திருக்கும்போது தண்ணீரில் இறங்கும், வாய்க்கால் நிற்பதற்குள் விற்றுத் தீர்ந்துவிடும். காலையில் கூட்டைத் திறப்பதற்கு முன் மடுவை ஒருமுறை சுற்றி வந்து செத்தது ஏதாவது கிடந்தால் எடுக்கிற வேலை இப்போது பேரனுடையது.